ஒரு பல் பிசகு

"பல் போனால் சொல் போச்சு" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாயிலுள்ள பல்லை நினைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள். யந்திரச் சக்கரத்தின் பல்லுக்கும் அந்தப் பழமொழி பொருந்தும் என்பதை நாம் நல்லூரில் தெரிந்துகொண்டோம். அங்கே ஒரே ஒரு பல் பிசகிற்று. பிசகச் செய்தவர் வேறு யாரும் அல்ல, நாமேதான். அதனால் போன சொல்லைத் திரும்பப் பெறுவதற்குள் ஓர் இரவு முழுவதும் கண்ணை மூடாமல் கிடந்தோம். அந்த விருத்தாந்தத்தை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட உத்தேசம்.

நல்லூர் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. நாம் சொல்லுவது விருத்தாசலத்துக்கு மேற்கேயுள்ள நல்லூர். பழைய தென்னார்க்காடு ஜில்லா, இன்றைய கடலூர் மாவட்டம். விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே பழமலைநாதர் கோயில் இருக்கிறது, மணிமுத்தாறு ஓடுகிறது. சுந்தரமூர்த்தி நாயனார் தமக்குக் கிடைத்த பொன்னை அந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது" என்ற வசனம் அதிலிருந்து பிறந்ததுதான். இக்காலத்தில் அந்தப் பட்டணத்துக்கு வேறொரு கீர்த்தியும் உண்டு. அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளும் மின்சாரச் சாமான்களும் செய்கிறார்கள். ரெயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறினால் பக்கத்தில் உட்காருகிறவர்களில் ஒருவராவது களிமண்ணோடு சம்பந்தம் உள்ளவராயிருப்பார்.

நம் தங்கையை நல்லூரில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு அங்கே செம்மண் கொல்லை கொஞ்சம் உண்டு. நாம் போய்ச் சேர்ந்தது ஆடி மாதம். இரண்டு நாளைக்கு முன்னால்தான் நல்ல மழை பெய்திருந்தது. கூடத்தில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதை மணிலா உரித்துக்கொண்டிருந்தார்கள். நாமெல்லாம் நிலக்கடலை என்று சொல்வதை அந்தப் பக்கத்தார் மணிலாக் கொட்டை என்பார்கள். வேகமாகப் பேசும்போது அது மல்லாட்டை ஆகிவிடும். உரித்த பருப்பு முறத்தில் குவிந்திருந்தது. ஈரம் நிலத்தில் இருந்தது. விதைப்பதற்கு வேண்டிய மனிதர்களும் இருந்தார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று. உழவேண்டிய டிராக்டர் வாசல் வேப்ப மரத்தடியில், முன்பக்கம் திறந்து, குடல் வெளியே தெரிய நின்றது.

"எண்ணெய் பம்பு ஒழுகிச்சு, மச்சான். கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினேன். இன்றைக்குத்தான் வந்தது. மாட்ட வேண்டும். ஈரம் நாளை மறுநாளைக்கு மேல் தாங்காது" என்றார் மாப்பிள்ளை. ஊரிலிருந்த மற்ற டிராக்டர்களுக்கெல்லாம் மழை விட்ட அன்றைக்கே வாக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதாம்.

நாம் பல வருஷ காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக சாஸ்திரம் போதித்தவர்கள். டீசல் எஞ்சினைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை படமாக வரைந்திருக்கிறோம். ஆகையால் நம் குடும்பத்தில் நமக்கு யந்திரங்களைப்பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு பிரசித்தி உண்டு. அந்தப் பிரசித்தியை நாம் ஒருநாளும் மறுத்தது கிடையாது. இந்தக் கதைக்கு மூலகாரணம் அதுதான்.

*

கதைக்குப் போகுமுன் டீசல் எஞ்சினின் சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகிறது. டீசல் எஞ்சினில் காற்றைப் பதினாறில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ நெருக்குகிறார்கள். அப்போது அதன் உஷ்ணம் ஐந்நூறு டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. அந்தச் சமயம் பார்த்து எண்ணெயைப் பொடிப் பொடியாகப் பீச்சினால் அது தானே தீப்பற்றிக் கொள்கிறது. பொறி வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்மணிகள் தாளிதம் செய்யும்போது எண்ணெய் காயும் பதம் பார்த்துக் கடுகைப் போடுகிறார்கள் அல்லவா? முன்னால் போட்டால் வெடிக்காது. பின்னால் போட்டால் கருகிப் புகையும். டீசல் எஞ்சினின் வித்தையும் ஏறக்குறைய அதுதான். எல்லாம் தருணத்தைப் பொறுத்தது.

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1858-ல் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடிற்று. எரித்த எண்ணெயின் சக்தியில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே அது வேலையாக மாற்றிக் கொடுத்தது. அக்காலத்து நீராவி யந்திரங்கள் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிது. மணிலா விதைக்கும் நல்லூர்க்காரர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1900-ஆம் வருஷம் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெய் ஊற்றியே ஓட்டிக் காட்டினார்கள்! டீசல் 1913-ல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும்போது இரவோடிரவாகக் காணாமற்போனார். அவர் காலத்து எஞ்சின்களில் எண்ணெயைப் பீச்சுவதற்கு அழுத்தமான காற்றுத்தான் உபயோகப்பட்டது. அதற்கென்று தனியே ஒரு பெரிய காற்று யந்திரம் வேண்டியிருந்தது. அதனால் லாரிக்கும் டிராக்டருக்கும் அது லாயக்குப்படவில்லை. ராபர்ட் பாஷ் என்பவரின் தொழிற்சாலை 1927-ல் எண்ணெய் பீச்சும் பம்பை ஏராளமாகச் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் எஞ்சின் சாலைக்கும் வயலுக்கும் தாராளமாக வந்தது.

அந்தப் பம்பு உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிது. ஆனால் அதனுள்ளே நடக்கும் காரியம் பிரமாதமானது. உள்ளே ஓர் உருளை மேலும் கீழும் ஓடுகிறது. அதற்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி நம் தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அது எண்ணெயைத் தள்ளும் அழுத்தம் மோட்டார் டயரிலுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் நூறு மடங்கு. இவ்வளவு நுட்பமான பொருளை நம் நாட்டிலேயே செய்யவேண்டும் என்று 1951-ல் பெங்களூரில் மைக்கோ கம்பெனி தோன்றிற்று. இந்தியச் சாலைகளில் ஓடிய லாரிகளிலும் கிணற்று மேட்டில் ஓடிய எஞ்சின்களிலும் அந்தப் பெயர் பொறித்த பம்புகள் பல தலைமுறைக்கு வேலை செய்தன. 2008 முதல் அந்தக் கம்பெனி பாஷ் என்ற பெயரிலேயே நடந்து வருகிறது.

பம்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் தருணம் தெரிந்து பீச்சுவதற்கு அதற்கு ஒருவர் தாளம் போட்டுக் கொடுக்கவேண்டும். அந்தத் தாளத்தைப் போடுவது பம்பின் தண்டில் மாட்டியிருக்கும் பல்சக்கரம். நம் மாப்பிள்ளையின் டிராக்டரில் கிராங்குத் தண்டின் சக்கரத்துக்கு 28 பற்கள். பம்பின் சக்கரத்துக்கு 56. ஆகவே கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் பம்பு ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டுக்கும் நடுவே தூது போகும் சக்கரம் ஒன்று உண்டு. அதற்கு 63 பற்கள். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேரவேண்டும் என்பதற்கு அடையாளமாகச் சக்கரங்களில் சின்னஞ் சிறு புள்ளிகள் குத்தியிருக்கும். புள்ளியும் புள்ளியும் சேர்ந்தால் முகூர்த்தம் சரி.

*

அந்த வட்டாரத்து டிராக்டர்களுக்கெல்லாம் வைத்தியர் ஒரு பெரியவர். ஊரார் அவரை மேஸ்திரி என்றே அழைப்பார்கள். அவரிடம் ஒரு பையன் வேலை கற்றுக்கொண்டிருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். அவனுடைய தாயார் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கொட்டகையில் வேலை செய்கிறாள். தகப்பனார் இல்லை.

அன்று மத்தியானம் மேஸ்திரிக்கு வேறோர் ஊரிலிருந்து அவசரமாக ஆள் வந்தது. அவர் பையனைப் பார்த்து, "இன்றைக்குச் சக்கரத்தை நீயே மாட்டு. எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கேன். அவசரப்படாதே" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பையனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! முதல் முதலாகக் கச்சேரி மேடையில் ஏறும் பாகவதர்கூட அவ்வளவு பயபக்தியோடு சுருதி சேர்த்திருக்கமாட்டார்.

நாம் கயிற்றுக் கட்டிலை வேப்ப மரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். நாசில்களை முன்பே கழற்றி வைத்திருந்தபடியால் எஞ்சின் லேசாகச் சுற்றிற்று. பையன் கிராங்கை மெள்ளத் திருப்பி முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்ததைத் தெரிந்துகொண்டான். பிஸ்டன் இரண்டு சுற்றுக்குள் இரண்டு தடவை உச்சிக்கு வரும். அதில் காற்றை நெருக்கிக்கொண்டு வருவது எது என்று வால்வுகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதையும் பார்த்தான். பிறகு பம்பை அதன் இடத்தில் வைத்துப் போல்ட்டுகளை முடுக்கினான்.

பம்பின் தண்டு நுனிக்குப் போகப் போகக் கூம்பாகக் குறுகியிருந்தது. அதையும் சக்கரத்தின் துவாரத்தையும் அவன் சுத்தமான துணியால் துடைத்தான். பிறகு வேறொரு துணியால் மறுபடியும் துடைத்தான். மற்ற இடமெல்லாம் எண்ணெய் பூசுகிறாயே, இதற்கு மட்டும் ஏன் பூசவில்லை என்று கேட்டோம்.

"இங்கே எண்ணெய் கூடாது சார். கூம்பும் துவாரமும் ஒண்ணோடொண்ணு காய்ஞ்சு பிடிக்கணும். நடுவுல ஒரு மண்ணு இருந்தாலும் சக்கரம் ஆடிக்கிட்டு நிக்கும்" என்றான்.

பிறைச் சந்திரனைப் போன்ற ஓர் எஃகுத் துண்டைத் தண்டிலுள்ள பள்ளத்தில் வைத்தான். தொழிலாளிகள் அதைச் சாவி என்கிறார்கள். சக்கரம் தண்டின்மேல் எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்பதை நிச்சயம் செய்வது அந்தச் சாவி. அது நழுவிக் கீழே விழுந்துவிட்டால் எஞ்சின் வயிற்றுக்குள் தேடவேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே, விரலால் அதை அழுத்திப் பார்த்தான். சக்கரத்தை ஏந்திப் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துத் தள்ளினான். சுத்தியலைத் தொடவேயில்லை. வாஷரும் நட்டும் போட்டு, நீண்ட ஸ்பானரால் முடுக்கினான். சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அப்புறம்தான் மூச்சு விட்டான்.

முன்மூடிக்கு வைக்கவேண்டிய பாக்கிங் கிழிந்திருந்தது. வேறு வாங்கி வருவதற்காக மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் விருத்தாசலத்துக்குப் போனான். மாப்பிள்ளை கொல்லைக்குப் போயிருந்தார். வேப்ப மரத்தடியில் நாமும் டிராக்டரும் தனித்து விடப்பட்டோம்.

*

பௌதிக சாஸ்திரம் போதித்தவர்களுக்குப் பிறர் போட்ட கணக்கைச் சரிபார்க்காவிட்டால் இருப்புக் கொள்ளாது. ஸ்பானரை எடுத்துக் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றினோம். கிராங்குப் புள்ளி தன் இடத்துக்கு வந்தது. பம்புப் புள்ளியும் தன் இடத்துக்கு வந்தது. ஆனால் நடுச் சக்கரத்தின் புள்ளிகளை அங்கே காணோம்! ஏழு பல் தள்ளி நின்றன.

நமக்குத் திக்கென்றது. பையன் பிசகாக மாட்டிவிட்டான் என்றே நிச்சயித்தோம். நல்ல வேளையாக நாம் இருந்தோம், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நம்மையே மெச்சிக்கொண்டு காரியத்தில் இறங்கினோம். நட்டைக் கழற்றினோம். பக்கத்தில் கிடந்த புல்லரை மாட்டித் திருகினோம். 'டக்' என்ற சப்தத்தோடு சக்கரம் கூம்பை விட்டது. விட்டபோது தண்டும் கொஞ்சம் உருண்டது. சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான், எந்தப் பக்கம் எத்தனை பல் நகர்த்துவது என்பது நமக்குத் தெரியாது என்ற உண்மை புலப்பட்டது. சரி, பையன் வைத்தபடியே வைத்துவிடுவோம் என்று தீர்மானித்தோம். ஆனால் இப்போது எதிர்ப்பக்கத்தில் புள்ளியில்லையே! கண்ணளவில் பார்த்து, பழைய இடம் இதுதான் என்று தோன்றிய இடத்தில் தள்ளி, நட்டை முடுக்கிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டோம்.

பையன் திரும்பி வந்தான். சக்கரத்தைப் பார்த்து, "யாராச்சும் சுத்தினீங்களா சார்?" என்று கேட்டான்.

ஓரிரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்ததாகச் சொன்னோம்.

"பரவாயில்லே சார். சுத்தினா நடுச் சக்கரத்துப் புள்ளி தள்ளிப் போயிடும். திரும்ப ஒண்ணு சேர ரொம்பச் சுத்து ஆகும். அதனால தப்பில்லே" என்று சொல்லிவிட்டு, நம்பிக்கையோடு மூடியை மாட்டத் தொடங்கினான்.

அந்த நிமிஷமே நமக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் வைத்தது சரி, கலைத்தவர் நாம். நிறுத்தப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் அரைமணியில் முடிந்திருக்கும். நாம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எப்படியும் சரியாகத்தான் விழுந்திருக்கும் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். சுற்றிப் பார்த்தோம் என்று சொன்னது பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியை விழுங்கிவிட்டோம்.

*

விளக்கு வைத்த பிறகு எஞ்சினைக் கிளப்பினார்கள். வெகுநேரம் இருமிவிட்டுக் கிளம்பிற்று. வெள்ளைப் புகை வேப்ப மரம் முழுவதையும் மூடிக்கொண்டது. கியர் போட்டு நகர்த்திப் பார்த்தால் இழுவையே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். புகையைப் பார்த்ததும், "டைமிங் பின்னே நிக்குது" என்றார். பம்பைத் தாங்கும் துவாரங்களில் அதைத் திருப்பிச் சரிசெய்யக் கொஞ்சம் இடமுண்டு. அந்த எல்லை வரையில் திருப்பிப் பார்த்தார். புகை சற்றுக் குறைந்ததே தவிர, போகவில்லை.

"ஒரு பல் தள்ளியிருக்கே, தம்பி" என்றார்.

"இல்லீங்கய்யா. புள்ளி பார்த்துத்தான் மாட்டினேன்."

"எஞ்சின் வேறே சொல்லுதே!"

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் ஈரம் போய்விட்டது, மறுநாள் திறந்து மூட இன்னொரு அரைநாள் போகும், சிறு பிள்ளைகளிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று இரைந்தார். மேஸ்திரி எதிர்த்துப் பேசவில்லை. பையனைப் பார்த்து, "நான்தான் அவசரப்பட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். அதுவரைக்கும் நீ ஸ்பானர் எடுத்துக் கொடு, போதும்" என்றார்.

திட்டியிருந்தால்கூடப் பையன் தாங்கியிருப்பான். ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு இருட்டில் போய்விட்டான். போகும்போது ஒரு தடவை நம் பக்கம் திரும்பிப் பார்த்தான். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அவன் புள்ளி சேர்த்ததை நேரில் பார்த்தவர் நாம் ஒருவரே. ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்றுதான் பார்த்தான். நாம் விசிறியை வேகமாக வீசிக்கொண்டிருந்தோம்.

*

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கூடத்தில் தங்கையும் இன்னொரு பெண்ணும் மணிலா உரிக்கும் சப்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. மனத்துக்குள் கணக்குப் போட்டோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் கணக்குத்தானே! எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது ஒரு டிகிரி திரும்புவதற்கு ஒரு விநாடியில் 12,000-ல் ஒரு பங்கு நேரம் ஆகிறது. 28 பல் சக்கரத்தில் ஒரு பல் என்றால் கிட்டத்தட்ட 13 டிகிரி. ஆகவே ஒரு பல் பிசகினால் எண்ணெய் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு பிந்திப் போய்ச் சேருகிறது. அவ்வளவுதான். அவ்வளவு தாமதத்துக்கே எஞ்சின் ஊரறியப் புகைவிட்டு, தப்பு நடந்திருக்கிறது என்று கூவுகிறது. உண்மையைச் சொல்வதில் நாமோ எட்டு மணி நேரம் பிந்தியிருந்தோம். வெளியில் ஒரு புகையும் தெரியவில்லை!

விடிவதற்கு முன்னால் தங்கை வாசல் தெளிக்க எழுந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னோம். சாணிக் கையோடு நின்று கேட்டாள்.

"என்கிட்டே சொல்லி என்ன அண்ணா ஆகப்போகுது? சொல்ல வேண்டியவங்ககிட்டே சொல்லுங்க" என்றாள்.

மேஸ்திரி ஆறு மணிக்கு வந்தார். மாப்பிள்ளையும் இருந்தார். இருவருக்கும் எதிரில் நடந்ததைச் சொன்னோம். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மச்சானைக் கோபித்துக்கொள்ள அவருடைய மரியாதை இடம் கொடுக்கவில்லை. மேஸ்திரி சற்று நேரம் டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூடியை நான் திறக்கமாட்டேன். அவன் வரட்டும். வாங்க, போய்க் கூட்டிக்கிட்டு வருவோம்" என்றார்.

பையனின் வீட்டுக்கு நாம் போனபோது அவனுடைய தாயார் சோற்றுத் தூக்கோடு விருத்தாசலம் பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னாலேயே பையனிடம் நம் தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மாள்தான் பதில் சொன்னாள்.

"ராத்திரியெல்லாம் இவன் தூங்கலை சார். நம்ம கைதான் தப்புப் பண்ணிடுச்சோன்னு இவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு. பச்சை மண்ணுல விரிசல் இருந்தா தண்ணி தொட்டுச் சரி பண்ணிடலாம். சூளைக்குள்ளே போயிட்டா ஒண்ணும் பண்ணமுடியாது. இன்னைக்கே வந்து சொன்னீங்களே, அது போதும்."

நாம் செய்த காரியத்தின் முழு அளவும் அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. ஒரு நாள் ஈரத்தை நாம் திருடியது பெரிதல்ல. தன் கையின்மேல் ஒரு தொழிலாளிக்கு இருக்கும் நம்பிக்கையைத் திருடப் பார்த்தோம்.

*

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பையன் மூடியைத் திறந்தான். நாசில்களைக் கழற்றிவிட்டுக் கிராங்கைச் சுற்றிக்கொண்டே வந்தான். கிராங்கின் புள்ளியும் நடுச் சக்கரத்தின் புள்ளியும் ஓரிடத்தில் கூடின. வால்வுகளை நடத்தும் சக்கரத்தின் புள்ளியும் கூடிற்று. பம்பின் புள்ளி மட்டும் ஒரு பல் தள்ளித் தனியே நின்றது. மேஸ்திரி அதை மாப்பிள்ளைக்கு விரலால் சுட்டிக் காட்டினார். பையன் சக்கரத்தைக் கழற்றி, கூம்பைத் துடைத்து, சாவியை அழுத்திப் பார்த்து, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்டினான். மேஸ்திரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

முடிந்ததும் ஸ்பானரை நம் கையில் கொடுத்தார். "சார், பதினெட்டுச் சுத்து எண்ணிச் சுத்துங்க" என்றார்.

சுற்றினோம். இரண்டாவது சுற்றில் புள்ளிகள் பிரிந்து நின்றன. நேற்று நாம் அவசரப்பட்ட இடம் அதுதான். நாலாவது, ஆறாவது, பத்தாவது சுற்றிலும் கூடவில்லை. ஆடி மாதத்திலும் நமக்கு வியர்த்தது. பதினெட்டாவது சுற்று முடிந்தபோது எல்லாப் புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிராங்கு பதினெட்டுச் சுற்றினால் நடுச் சக்கரம் எட்டு, பம்புச் சக்கரம் ஒன்பது. முழு எண்கள் மூன்றும் ஒன்றுகூடுவது அப்போதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. கையில் ஸ்பானர் இருந்தபோது அது நமக்குத் தோன்றவில்லை. மேஸ்திரிக்கோ காகிதமே வேண்டியிருக்கவில்லை.

எஞ்சின் முதல் தடவையிலேயே கிளம்பிற்று. அன்று பிற்பகலும் மறுநாள் காலையுமாக விதைத்து முடித்தார்கள். நாம் விதைக்கூடையைச் சுமந்தோம். வேறு எதையும் தொட யாரும் நம்மை அனுமதிக்கவில்லை. கொல்லையின் மேற்கு ஓரத்தில் மட்டும் ஈரம் போதாமல் முளைப்புக் குறைவு என்று பிற்பாடு தங்கை டெலிபோனில் சொன்னாள். எவ்வளவு குறைவு என்று கேட்டோம். "அதை விடுங்க அண்ணா" என்றாள். விடமுடியவில்லை, இன்றைக்கும் அந்த ஓரம் நம் கணக்கில்தான் இருக்கிறது.

நம் தேசத்தில் படித்தவர்களுக்கும் கையால் வேலை செய்கிறவர்களுக்கும் நடுவே ஒரு சக்கரம் குறைகிறது என்று பெரியோர்கள் பல காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தச் சக்கரம் எது என்று நமக்கு இப்போது கொஞ்சம் தெரிகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதும், செய்ததைச் செய்தோம் என்று சொல்லுவதுந்தான் அது. பையன் கண்ணில் பட்ட தப்பு நம்முடையது என்று தெரிந்த பிறகு, அதைச் சொல்லப் பௌதிக சாஸ்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சுந்தரமூர்த்தி நாயனார் ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுத்தார். நமக்கு அவ்வளவு பாக்கியம் கிடையாது. நல்லூரில் வேப்ப மரத்தடியில் தொலைத்ததை அதே வேப்ப மரத்தடியில்தான் தேடி எடுக்கவேண்டியிருந்தது. ஊருக்குப் புறப்பட்ட அன்று பையன் பஸ் ஏற்றிவிட வந்தான். மேஸ்திரி அடுத்த வாரம் இன்னொரு டிராக்டரின் பம்பைத் தன்னிடமே விட்டிருப்பதாகச் சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கு நீங்க வருவீங்களா சார்?" என்று கேட்டான்.

வரமாட்டோம் என்று உறுதியாகச் சொன்னோம். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.